ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள்?



காலை வேளையில் ஏதேனும் ஒரு பாலர் பள்ளியின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். தாயின் கையை விட மறுத்து ஒரு பிள்ளை அழும். அதைத் தூக்கித் தேற்றுகின்ற ஆசிரியையின் ஆடையைப் பிடித்து இன்னொரு பிள்ளை இழுக்கும். மூன்றாவது பிள்ளைக்குக் காலணியைக் கழற்றத் தெரியாது. நான்காவது பிள்ளை யாரும் பாராத நேரத்தில் வாயிற்கதவை நோக்கி நடக்கத் தொடங்கியிருக்கும். ஆசிரியைக்கோ இருப்பவை இரண்டே கைகள்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். ஐந்தில் வளைக்க வேண்டியவரிடம் எத்தனை பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறோம் என்பதை மட்டும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பாலர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணம் எவ்வளவு, என்ன மொழி கற்பிக்கிறார்கள், பேருந்து வருமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பவர் குறைவு.

இக்கேள்விக்கு உலக நாடுகள் தந்துள்ள விடைகள் வியப்பூட்டுபவை. 2024ஆம் ஆண்டில் இரண்டு நாடுகள் இது குறித்த தம் விதிகளை மாற்றின. டென்மார்க்கில், மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. ஜப்பானில், குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் உள்ள நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு 30 பேருக்கு ஒருவர் என்றிருந்த விதி, 25 பேருக்கு ஒருவர் என மாறியது. ஓரிடத்தில் ஆறு, மற்றோரிடத்தில் இருபத்தைந்து. இரண்டுமே செல்வ வளம் மிக்க நாடுகள். இரண்டுமே குழந்தைகளை அன்போடு வளர்க்கும் நாடுகள். அவ்வாறிருக்க, இத்தனை வேறுபாடு எங்கிருந்து வந்தது?

அதற்கு விடை காண நாம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அவ்வாறு சென்றால் ஓர் உண்மை விளங்கும். ஆசிரியர் ஒருவருக்கு இத்தனை பிள்ளைகள் என்ற எண் எங்கும் தானாகப் பிறந்ததில்லை. குழந்தை என்பது யார், பள்ளி எதற்கு, அதற்கு எவ்வளவு செலவிடலாம் என்ற மூன்று எண்ணங்கள் சேர்ந்தே ஒவ்வொரு நாட்டிலும் அந்த எண்ணைப் பெற்றெடுத்தன.

கதை தமிழகத்தின் சென்னையிலிருந்து தொடங்குகிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப் போன ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789இல் ஏற்பட்ட காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரையில் செல்லும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் காப்பகத்திலும் செய்ய விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு உடன்படவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளைய பிள்ளைகளுக்கு ஆசிரியனாக நியமித்தார். சிறுவன் அதை நன்றாகவே செய்தான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இவ்வாறு அந்தக் காப்பகம் முழுவதும் பரவியது.

நேயர்களே, இது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தானே, அவன் செய்ததும் இதுதான். ஆனால் பெல் 1797இல் இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்ட பிறகு, இம்முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1798ஆம் ஆண்டு, ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு ஒரே ஆசிரியர் ஆயிரம் மாணவர்களை நடத்த முடியும் என்று அவர் கூறினார்.

ஒரு முறை ஊர் மாறும்போது அதன் பொருளும் மாறிவிடுகிறது. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், வீடு தெரியும், அவன் பாட்டன் பெயரும் தெரியும். சட்டாம்பிள்ளை அவருக்குத் துணை. இலண்டனிலோ சட்டாம்பிள்ளை ஆசிரியருக்கு மாற்றாக ஆக்கப்பட்டான். ஆசிரியர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் கருவியாகவே அவனைப் பலர் பார்த்தனர். ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வி, பிள்ளை ஒன்றுக்கு எத்தனை காசு என்ற கேள்வியாக மாறியது அப்போதுதான்.

இதுவரை சொன்னது சற்று வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. பள்ளி வயதை எட்டாத சிறு குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியை ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் என்ற ஊரில் இராபர்ட் ஓவன் அமைத்தார். பஞ்சாலை முதலாளியான அவர், தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1816ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தார். அதில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவர் தேர்ந்தெடுத்தவர்கள், ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியும் மேரி யங் என்ற பதினேழு வயதுப் பெண்ணும் ஆவர். பெரிய படிப்பு எதையும் அவர்களிடம் ஓவன் எதிர்பார்க்கவில்லை. குழந்தைகளிடம் அளவற்ற பொறுமையும் அன்பும் இருந்தால் போதும் என்றார். பிள்ளைகளை அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, புத்தகத்தைக் காட்டித் தொல்லை செய்யக்கூடாது என்பவை அவர் இட்ட கட்டளைகள்.

ஓவனின் எண்ணம் இலண்டனுக்குச் சென்றபோது அங்கேயும் எண்ணிக்கை அதை விழுங்கிவிட்டது. ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்ற ஏழை நெசவாளர் பகுதியில் 1820இல் குழந்தைப் பள்ளி நடத்தத் தொடங்கினார் சாமுவேல் வில்டர்ஸ்பின். 1823ஆம் ஆண்டு அவர் ஒரு நூல் வெளியிட்டார். பதினெட்டு மாதம் முதல் ஏழு வயது வரையுள்ள முந்நூறு குழந்தைகளை ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் எப்படி நிர்வகிக்கலாம் என்பதைக் காட்டும் நூல் என்று அதன் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார். முந்நூறு குழந்தைகளுக்கு இரண்டு பேர்!

இதைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வில்டர்ஸ்பின் கல்நெஞ்சர் அல்லர். பிள்ளைகள் ஓடியாட விளையாட்டிடம் வேண்டும் என்று வற்புறுத்திய முன்னோடி அவர். அந்தக் குழந்தைகளின் தாய்மார் வேலைக்குச் சென்றனர். பள்ளி இல்லையென்றால் குழந்தைகளுக்குத் தெருவே கதி. வண்டிச் சக்கரத்திற்கும் அடுப்புத் தீக்கும் பலியாவதைவிட முந்நூறு பேரில் ஒருவராக இருப்பது மேல் அல்லவா? இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் பார்வையில் வைத்திருக்கப் படிப்படியாக உயரும் இருக்கை வரிசைகளை அமைத்தார். ஆசிரியர் கீழே நின்று பேச, குழந்தைகள் அடுக்கடுக்காக அமர்ந்து கேட்டனர். வறுமைக்கு விடையாக வந்த அந்த இருக்கை வரிசை, பின்னர் குழந்தைப் பள்ளிகளின் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. அவசரத்திற்குச் செய்த ஏற்பாடு நிரந்தரமாகிவிடும் ஆபத்தை இங்கே காண்கிறோம்.

இதற்கு நேர்மாறான சிந்தனை ஜெர்மனியில் எழுந்தது. பிரெடரிக் புரோபல் என்ற கல்வியாளர் 1837ஆம் ஆண்டு பாத் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். குழந்தை செடியென்றால் ஆசிரியை தோட்டக்காரி. ஒவ்வொரு செடிக்கும் தண்ணீரின் அளவு வேறு, வெயிலின் அளவு வேறு. முந்நூறு செடிகளுக்கு ஒரே குடத்தைக் கவிழ்க்க முடியாது. ஆகவே குழந்தையைக் கூர்ந்து கவனிக்கத் தெரிந்த, அதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும் என்றார் புரோபல். ஆசிரியர் எத்தனை பேர் என்பதோடு, எத்தகையவர் என்ற கேள்வியும் இங்கே சேர்ந்தது.

பிரஷ்ய அரசு 1851ஆம் ஆண்டு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சமதர்மமும் அங்கே வளர்கின்றன என்பது அரசின் ஐயம். அடுத்த ஆண்டே புரோபல் காலமானார். தடை 1860இல்தான் நீங்கியது. ஆனால் அவர் கருத்தை ஏற்ற பெண்கள் அதனை வேறு நாடுகளுக்கு எடுத்துச் சென்றனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1856இல் மார்கரெத்தா சுர்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி தம் வீட்டிலேயே ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார். 1876இல் தோக்கியோ மகளிர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு இணைந்து ஜப்பானின் கிண்டர்கார்டன் வரலாறு தொடங்கியது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின் பள்ளிகள் பெருகின. மூத்த பிள்ளை பள்ளிக்குச் சென்றபோது இளையதையும் உடன் அனுப்பினர் ஏழைத் தாய்மார். 1900ஆம் ஆண்டு அங்கே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 43 பேர் பள்ளிகளில் இருந்தனர். 1905இல் கல்வித் துறையின் பெண் ஆய்வாளர்கள் இவ்வகுப்புகளைப் பார்வையிட்டு அறிக்கை தந்தனர். ஓர் ஆசிரியையின் பொறுப்பில் அறுபது குழந்தைகள் இருந்ததாக அந்த அறிக்கை எடுத்துரைத்தது. அசையாமல் உட்காருவதே அங்கே ஒழுக்கமாகக் கருதப்பட்டது.

அறிக்கையைப் படித்தவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? அறுபதை முப்பதாக்க இன்னோர் ஆசிரியையை நியமித்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. ஐந்து வயது நிறையாத பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கலாம் என்று உள்ளூர்க் கல்வி மன்றங்களுக்கு அதே ஆண்டு அனுமதி தரப்பட்டது. பத்தே ஆண்டுகளில் நூற்றுக்கு 43 என்பது சுமார் 23 ஆகக் குறைந்தது. வகுப்பு சிறுத்தது உண்மையே. ஆனால் வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகள் மீண்டும் தெருவுக்கே போயினர். எண்ணிக்கையைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஆசிரியரைக் கூட்டுவது ஒன்று. பிள்ளைகளைக் கழிப்பது மற்றொன்று. காகிதத்தில் இரண்டும் ஒரே விகிதத்தைத்தான் காட்டும். இந்த அநீதியைப் பொறுக்காமல்தான் இரேச்சல் மக்மில்லன், மார்கரெட் மக்மில்லன் என்ற சகோதரிகள் 1914இல் இலண்டனின் டெப்ட்போர்ட் பகுதியில் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியை அமைத்தனர். குளியலும் உணவும் தூய காற்றும் அங்கே பாடத்திட்டத்தின் பகுதிகளாயின.

எண்ணிக்கை குறைந்தால்தான் நன்மை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தம் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். சுமார் ஐம்பது குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். ஆனால் இந்த ஐம்பதும் வில்டர்ஸ்பினின் முந்நூறும் ஒன்றல்ல. அங்கே பிள்ளைகள் அசையாது அமர்ந்து ஒருவரைக் கேட்டனர். இங்கே தமக்கு வேண்டிய கருவியைத் தாமே எடுத்துத் தம் விருப்பப்படி வேலை செய்தனர். மூன்று வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கற்றது. கூட்டம் அதிகமானால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆவர் என்பது அம்மையாரின் நம்பிக்கை.

அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போரின் காரணமாக நாடு திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் சில காலம் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். மணலில் எழுதிய பிள்ளைகளைப் பெல் கண்ட அதே சென்னைக்கு, பிள்ளையிடமிருந்து பிள்ளை கற்கும் என்ற கருத்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறொரு வடிவில் வந்து சேர்ந்தது. செலவைக் குறைப்பதற்காக இல்லாமல், குழந்தையை மதிப்பதற்காக வந்தது என்பதே அதன் சிறப்பு.

இப்போது ஜப்பானைப் பார்ப்போம். அந்நாட்டின் 1956ஆம் ஆண்டு விதிப்படி ஒரு கிண்டர்கார்டன் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வரை இருக்கலாம். 1995இல்தான் அது முப்பத்தைந்தாயிற்று. ஜப்பான், சீனம், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் பாலர் பள்ளிகளைப் படம்பிடித்து, ஒரு நாட்டின் படத்தை மற்ற நாட்டு ஆசிரியர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்ட ஆய்வு நூல் ஒன்று 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஜப்பானிய வகுப்பின் பெரிய கூட்டத்தைக் கண்டு அமெரிக்கர் திகைத்தனர். ஜப்பானிய ஆசிரியர்களோ வேறு விதமாகப் பேசினர். வகுப்பு மிகச் சிறிதாக இருந்தால் பிள்ளை எதற்கெடுத்தாலும் ஆசிரியையையே நாடும். பெரிய வகுப்பில் இருவர் சண்டையிட்டால் மூன்றாவது பிள்ளை விலக்கிவிடும். பலரோடு கூடி வாழக் கற்பதே பாலர் பள்ளியின் நோக்கம் என்பது அவர்கள் வாதம்.

அழகான வாதம்தான். ஆயினும் முழு உண்மை அதுவா? பராமரிப்பு நிலையங்களில் முப்பது பேருக்கு ஒருவர் என்ற விதி 1948ஆம் ஆண்டு, போரில் நாடு சிதைந்து கிடந்த காலத்தில் எழுதப்பட்டது. நாடு செல்வத்தில் உயர்ந்த பின்னும் அது அப்படியே இருந்தது. இருபத்தைந்தாகக் குறைய 76 ஆண்டுகள் ஆயின. ஒரு நிலநடுக்கம் வந்தால் முப்பது பிள்ளைகளை நான் ஒருத்தி எப்படி வெளியே கொண்டுபோவேன் என்று ஒரு பராமரிப்பாளர் கேட்டால், கூடி வாழும் பண்பு அதற்கு விடையாகாது. மரபு என்ற பெயரில் சிக்கனமும் ஒளிந்திருக்கக் கூடும். அதே ஜப்பானில் ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கு மூவருக்கு ஒருவர் என்பது விதி என்பதையும் நாம் மறக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ப எண் மாறும் என்பதை எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்கின்றன.

நம்பிக்கைகள் ஒருபுறம் இருக்க, சோதித்துப் பார்த்தவர்கள் கண்டதென்ன? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினப் பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் 58 பேருக்குப் பெரி பாலர் பள்ளியில் இடம் தந்தனர். மற்ற 65 பேருக்குப் பாலர் பள்ளி இல்லை. ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. வாரந்தோறும் அவர் பிள்ளையின் வீட்டுக்கும் சென்று தாயோடு பேசுவார். இப்பிள்ளைகளை நாற்பது வயது வரை ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தனர். பள்ளிக்குச் சென்றவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தனர். குற்றங்களில் குறைவாகச் சிக்கினர்.

1979இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விகிதத்தைவிட இரண்டு செய்திகள் முக்கியம் என்றது. ஓர் அறையில் கூடியிருக்கும் மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்று. பராமரிப்பவர் குழந்தை வளர்ச்சி பற்றிப் பயின்றவரா என்பது மற்றொன்று. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை இருக்கும் அறையும், நாற்பது பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியைகள் இருக்கும் அறையும் விகிதத்தில் ஒன்றே. அங்கே அமர்ந்திருக்கும் குழந்தைக்கு ஒன்றாகுமா? மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கோ விகிதமே மிகமிகத் தேவை என்றும் அந்த ஆய்வு கண்டது.

1985ஆம் ஆண்டு டென்னசி மாநிலம் இன்னும் பெரிய சோதனையைத் தொடங்கியது. 79 பள்ளிகளில், கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூவகை வகுப்புகளில் குலுக்கல் முறையில் சேர்த்தனர். முதல் வகையில் 13 முதல் 17 பிள்ளைகள். இரண்டாம் வகையில் 22 முதல் 25 பிள்ளைகள். மூன்றாம் வகையிலும் அதே 22 முதல் 25. ஆனால் ஆசிரியைக்கு முழுநேரத் துணையாளர் ஒருவர் உண்டு. சிறிய வகுப்புப் பிள்ளைகளே தெளிவாக முன்னேறினர். துணையாளரைச் சேர்த்ததால் மட்டும் பெரிய பலன் காணப்படவில்லை.

நேயர்களே, இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நாடுகளை ஒப்பிடும்போது நாம் ஏமாற மாட்டோம். எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி: யாரை எண்ணினார்கள்? டென்மார்க்கின் ஆறு என்ற கணக்கில் பயிற்சி பெற்றவரோடு துணைப் பணியாளரும் அடங்குவர். அதுவும் ஒரு நகராட்சி முழுவதற்கும் எடுக்கும் சராசரி. பிரான்சின் பாலர் பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆனால் ஆசிரியரோடு நகராட்சி அனுப்பும் உதவியாளரும் வகுப்பில் இருப்பது வழக்கம். அவரைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும்.

இரண்டாம் கேள்வி: எந்த வயதுப் பிள்ளைகள்? மூன்றாம் கேள்வி: அந்த எண் எதற்காகக் காட்டப்படுகிறது? 2013ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு, இரண்டு வயதுக் குழந்தைகளில் நால்வருக்கு ஒருவர் என்பதை ஆறு பேருக்கு ஒருவர் என்று தளர்த்த முயன்றது. பிரான்சு முதலிய நாடுகளின் எண்களைச் சான்றாகக் காட்டியது. பெற்றோரும் பராமரிப்பாளரும் எதிர்த்ததால் அம்முயற்சி அவ்வாண்டே கைவிடப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2023இல், ஐவருக்கு ஒருவர் என்ற அளவுக்குத் தளர்வு வந்தது. பிற நாட்டை எடுத்துக்காட்டுவது ஆசிரியரைக் கூட்டுவதற்கும் பயன்படும், குறைப்பதற்கும் பயன்படும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை சேர்த்து, ஓர் ஆசிரியரையும் ஒரு துணையாளரையும் அமர்த்தும் ஏற்பாடு வந்தது. சிங்கப்பூரில் 2017இல் நிறைவேறி 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ், பாலர் பள்ளியின் ஐந்து வயது வகுப்பில் 20 பேருக்கு ஒருவர், ஆறு வயது வகுப்பில் 25 பேருக்கு ஒருவர் என்று விதிகள் அமைந்தன. துணையாளர் உடனிருந்தால் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். டென்னசி சோதனையை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறொன்றையும் நினைவூட்டும். இருட்டோடு எழுந்து பெற்றோர் பிரட்டுக்குச் சென்றபின், கைக்குழந்தைகளும் நடைபழகும் பிள்ளைகளும் ஆயாக் கொட்டகைக்கு வந்து சேர்வார்கள். பால்மரம் வெட்ட முடியாத வயதான ஒரு பாட்டி அங்கே இருப்பார். வரிசையாகத் தூளிகள் ஆடும். ஒன்றை ஆட்டிவிட்டு மற்றொன்றுக்குப் போவதற்குள் முதல் தூளி நின்றுவிடும். அந்தப் பாட்டியின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. அவருக்கும் இருந்தவை இரண்டே கைகள். ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பள்ளிக்கும் நம் ஆயாக் கொட்டகைக்கும் இடையே கடல்கள் இருக்கலாம். வேலைக்குப் போகும் தாயின் அவசரம் இரண்டிலும் ஒன்றுதான்.

இன்று சில தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பாலர் வகுப்புகளில் ஐந்தாறு பிள்ளைகளே இருக்கக் காண்கிறோம். விகிதத்தை மட்டும் பார்த்தால் டென்மார்க்குக்கு இணையாகத் தோன்றும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் வந்த குறைவு அது. ஆனாலும் அந்தச் சிறு எண்ணிக்கையைக் குறையாகவே எண்ணி மனம் தளர வேண்டுவதில்லை. பெரி பாலர் பள்ளியின் ஆசிரியைகளுக்கு ஐந்தாறு பிள்ளைகள்தாம் இருந்தனர். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் சென்று தாயோடு பேச அவர்களால் முடிந்தது. நம் ஆசிரியைக்கும் அந்த நேரமும் ஊக்கமும் கிடைத்தால், இழப்பில் வந்த எண்ணையே பிள்ளைகளுக்கு ஆதாயமாக்கிக்கொள்ள முடியும்.

எனவே பெற்றோர்களே, அடுத்த முறை ஒரு பாலர் பள்ளிக்குச் செல்லும்போது கட்டணத்தோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள். என் பிள்ளையின் அறையில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்? அவர்களோடு நாள் முழுவதும் இருப்பவர் எத்தனை பேர்? அவர்கள் இதற்கெனப் பயின்றவர்களா? ஓர் ஆசிரியை விடுப்பில் போனால் அவரிடத்தில் யார் நிற்பார்? இக்கேள்விகளைக் கேட்பதால் ஆசிரியைக்கு மனவருத்தம் வரும் என்று தயங்க வேண்டாம். அவர் நெடுநாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் கேள்விகள் அவை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் முந்நூறு குழந்தைகளுக்கு இரண்டு பேர் போதும் என்று நூல் எழுதினார்கள். இன்று ஆறு குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும் என்று சட்டம் எழுதுகிறார்கள். இடையில் குழந்தைகள் மாறவில்லை. வாசலில் நின்று அழும் பிள்ளை அன்றும் தன்னைத் தூக்க ஒரு கையைத்தான் தேடியது. இன்றும் அதையே தேடுகிறது. அந்தக் கை அதற்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பார்ப்பது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.